துணைவேந்தர் யார் பக்கம் நிற்க வேண்டும்?

வரிசை என்றால் என்ன என்று 2019 ஜூலையிலும் ஆகஸ்டிலும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வரும் அத்திவரதரைத் தரிசிக்க, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்து போனதாகக் கணக்கு. வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்குள் நுழையாமல் இருக்க ஓரிக்கையில் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டார்கள். அங்கே இறங்கி வரதராஜர் கோயில் மதிலோரம் மணிக்கணக்கில் கால் கடுக்க நின்றவர்கள் ஏராளம். ஜூலை 18-ஆம் தேதி நெரிசலில் நான்கு பேர் உயிரே போய்விட்டது. கூட்டத்தை எங்கே நிறுத்துவது, எப்போது விடுவது, எந்த வாசலை முதலில் திறப்பது என்பதுதான் அந்த நாட்களில் டீக்கடைப் பேச்சு முழுவதும்.

அந்தக் கேள்விக்கென்றே ஒரு கணக்குப் படிப்பு இருக்கிறது. வரிசைகளின் கணிதம் என்று அதைச் சொல்லலாம். காஞ்சிப் பட்டையே எடுத்துக்கொள்வோம். நூல் முறுக்கேற வேண்டும், சாயம் தோய வேண்டும், பாவு ஓட வேண்டும், பிறகுதான் தறிக்கு வரும். ஒவ்வொரு இடத்திலும் வேலை காத்து நிற்கிறது. ஒவ்வொரு பட்டறையிலும் போதிய ஆள் இருந்தாலும், எந்த வேலையை முதலில் எடுப்பது என்ற முறை பிசகினால் தேக்கம் ஏறிக்கொண்டே போகலாம், முடிவே இல்லாமல். தொழிற்சாலைகளுக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் 1973-ல் பட்டம் பெற்ற பி.ஆர். குமார். 1990-ல் செய்ட்மன் என்பவருடன் சேர்ந்து அவர் இதை எழுதினார். யாருமே சோம்பேறி இல்லை, எல்லோர் கையும் வேலையில்தான் இருக்கிறது, ஆனாலும் மொத்தமும் நின்றுபோகிறது என்பது முதல் தடவை கேட்பவருக்கு நம்பக் கடினமான முடிவு. அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு மட்டும் அது உடனே புரியும்.

அந்தத் தேக்கத்துக்கு எல்லை வகுக்கும் கட்டுரை ஒன்று 1994-ல் வந்தது. எழுதியவர்கள் இரண்டு குமார்கள். ஒருவர் பி.ஆர். குமார். மற்றவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அப்போது முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சுனில் குமார். மங்களூர் பல்கலைக்கழகத்தில் 1990-ல் பொறியியல் பட்டம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1992-ல் முதுநிலை, இல்லினாயில் 1996-ல் முனைவர் பட்டம் என்று போன படிப்பு அவருடையது. பொறியியல் கல்லூரியில் வாத்தியார் வேலைக்குப் போயிருக்க வேண்டியவர். போனதோ ஸ்டான்போர்டின் வணிகப் பள்ளிக்கு. ஆலையிலும் மருத்துவமனையிலும் தொலைபேசி நிலையத்திலும் வேலை எப்படித் தேங்குகிறது என்று அறிந்தவருக்கு வணிகப் பள்ளியில் இடம் இருந்தது. அங்கே பதினான்கு ஆண்டுகள் பாடம் எடுத்தார். எம்பிஏ படிப்பின் நிர்வாகத்தையும் பார்த்தார்.

2011 தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பூத் வணிகப் பள்ளிக்கு டீன் ஆனார். 1898-ல் தொடங்கிய பள்ளி அது. 2008-ல் டேவிட் பூத் என்ற பழைய மாணவர் 30 கோடி டாலர் கொடுத்ததால் அவர் பெயர் வந்தது. நமக்கும் அந்தப் பள்ளிக்கும் தொடர்பு நெருக்கம். அங்கே பேராசிரியராக இருந்த ரகுராம் ராஜன் 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஆளுநராக மும்பைக்கு வந்து, 2016-ல் வகுப்பறைக்கே திரும்பினார். அந்த மூன்று ஆண்டுகளும் அங்கே டீன் சுனில் குமார்தான். அவர் போன பிறகு, 2017-ல் அதே நாற்காலிக்கு வந்த மாதவ் ராஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். படித்தவர்.

அமெரிக்க வணிகப் பள்ளிகளின் தலைமைக்கு இந்தியர்கள் வருவது இப்போது செய்தியே இல்லை. கெல்லாக்கில் தீபக் ஜெயின், ஹார்வர்டில் நிதின் நோரியா, அவருக்குப் பின் ஸ்ரீகாந்த் தாதர், நியூயார்க்கின் ஸ்டெர்ன் பள்ளியில் ரகு சுந்தரம் என்று பட்டியல் போகிறது. புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து, கெல்லாக்கில் கணக்கியல் பேராசிரியராகப் புகழ்பெற்ற பாலா பாலச்சந்திரன் 2004-ல் கிரேட் லேக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதும் இந்தக் கதையின் ஒரு கிளைதான். ஆனால் வணிகப் பள்ளியிலிருந்து ஒரு முழுப் பல்கலைக்கழகத்தின் தலைமைக்குப் போவது வேறு விஷயம். அங்கே மருத்துவம் உண்டு, இசை உண்டு, தத்துவம் உண்டு, கால்நடை மருத்துவம்கூட உண்டு. லாபக் கணக்குக்கு வராத துறைகளையும் தன் பிள்ளையாகப் பார்க்க வேண்டும்.

சுனில் குமார் நேராக அங்கே தாவவில்லை. 2016 முதல் ஏழாண்டுகள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ப்ரோவோஸ்ட், அதாவது கல்வி விஷயங்களில் தலைவருக்கு அடுத்த இடம். ஏழை மாணவர்களின் உதவித்தொகைக்காக மைக்கேல் புளூம்பெர்க் 180 கோடி டாலர் கொடுத்ததும், கொரோனா வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். பிறகு பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1852-ல் ஒரு குன்றின்மேல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதன் சின்னம் ஜம்போ என்ற யானை. அத்திகிரி என்று யானையின் பெயரையே மலைக்கு வைத்த காஞ்சிக்காரர்களுக்கு இது பிடித்துப்போகும். 2023 ஜூலை 1-ல் அங்கே பதினான்காவது தலைவராகப் பொறுப்பேற்றார். வெள்ளையர் அல்லாத முதல் தலைவர்.

நம் கணக்கில் சொன்னால், துணைவேந்தர்.

இவ்வளவும் ஒரு நல்ல வாழ்க்கைக் குறிப்பு. பழைய மாணவர் சங்க மலரில் போடலாம். நாளிதழில் நடுப்பக்கத்தில் எழுதும் அளவுக்கு ஆனது அடுத்து நடந்ததால்தான்.

2024 மார்ச் 26 அன்று, டஃப்ட்ஸ் மாணவர்கள் நடத்தும் 'டஃப்ட்ஸ் டெய்லி' நாளிதழில் ஒரு கருத்துக் கட்டுரை வந்தது. காஸா போரை ஒட்டி மாணவர் பேரவை நிறைவேற்றிய தீர்மானங்களைப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்திருந்தது. அதைக் கண்டித்து நான்கு மாணவர்கள் எழுதிய கட்டுரை. தலைப்பிலேயே தலைவர் குமாரைப் பெயர் சொல்லி அழைத்து, இன்னொரு முறை முயன்று பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான்கு பேரில் ஒருவர் ருமைசா ஓஸ்துர்க். துருக்கியிலிருந்து ஃபுல்பிரைட் உதவித்தொகையில் வந்து, குழந்தைகளின் வளர்ச்சி பற்றி முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். தலைவர் மனம் மாறவில்லை. கட்டுரை எல்லாக் கல்லூரிக் கட்டுரைகளையும்போலப் பழைய தாளாகிப் போயிருக்கும்.

ஓராண்டு கழித்து, 2025 மார்ச் 25 மாலை, ரமலான் நோன்பு திறக்க நண்பர்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார் ஓஸ்துர்க். சாமர்வில் நகரத் தெருவில் சாதாரண உடையில் சிலர் அவரைச் சூழ்ந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள். கையிலிருந்த போனைப் பிடுங்கி, விலங்கு மாட்டி, காரில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. விசா முன்பே ரத்தாகியிருந்தது. அது அவருக்கே தெரியாது. மாசசூசெட்ஸிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர், அங்கிருந்து வெர்மான்ட், மறுநாள் விமானத்தில் லூசியானா என்று இழுத்துப் போனார்கள். ஆஸ்துமாக்காரரான அவருக்குக் காவலில் மூச்சுத் திணறல் மீண்டும் மீண்டும் வந்தது. அரசு தரப்பில் வெளியே வந்த ஆதாரம் என்று பார்த்தால், கடைசியில் மிஞ்சியது அந்தக் கருத்துக் கட்டுரை.

அன்றிரவே சுனில் குமார் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இந்தக் கைது எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது, நாங்கள் அரசுக்கு எந்தத் தகவலும் கொடுக்கவில்லை என்பது அதன் சாரம். இதை எந்த நிர்வாகியும் செய்வார். முக்கியமானது ஒரு வாரம் கழித்து நடந்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி நீதிமன்றத்தில் அவர் தன் பெயரில், பல்கலைக்கழகத் தலைவர் என்ற பொறுப்பில், உறுதிமொழி வாக்குமூலம் தாக்கல் செய்தார். கைது செய்யும் அளவுக்கு இந்த மாணவி எதுவும் செய்ததாகப் பல்கலைக்கழகத்திடம் எந்தத் தகவலும் இல்லை. அவர் எழுதிய கட்டுரை பல்கலைக்கழகத்தின் எந்த விதியையும் மீறவில்லை. அறங்காவலர் குழு 2009-ல் ஏற்ற கருத்துச் சுதந்திரப் பிரகடனத்துக்கு உட்பட்டதே அது. முறையான விசாரணை வேண்டும், அவரை விடுவித்துப் படிப்பை முடிக்க விட வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சுகிறார்கள் என்பதையும் அதில் சொல்லியிருந்தார்.

மாணவி எழுதியது யாரை எதிர்த்து? இவரை எதிர்த்து. அந்தக் கட்டுரையில் விதியை மீறியது எதுவும் இல்லை என்று நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டவர் யார்? இவர். இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

காலத்தையும் பார்க்க வேண்டும். அந்த வசந்த காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்களில் பலர் வாயைத் திறக்கவில்லை. கொலம்பியா 2025 ஜூலையில் அரசோடு 20 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஹார்வர்டு வழக்குப் போட்டது. அதன் 220 கோடி டாலர் மானியம் அதற்கு முன்பே முடங்கியிருந்தது. டஃப்ட்ஸ் அவற்றைப்போலப் பெரிய பணக்காரப் பல்கலைக்கழகமும் இல்லை. பேசினால் ஆய்வுப் பணம் போகும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்த நேரம். வாயை மூடிக்கொண்டிருக்க நல்ல நல்ல காரணங்கள் கையருகிலேயே கிடந்தன.

அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. அந்தத் தீர்மானங்களில் மாணவர்கள் கேட்ட முதலீட்டு விலக்கத்தை அவர் ஏற்கவில்லை. பாலஸ்தீன ஆதரவு மாணவர் அமைப்பு ஒன்றை 2024-ல் பல்கலைக்கழகம் நீண்ட காலத்துக்கு இடைநீக்கம் செய்தது. அவரை இன்னும் மன்னிக்காத மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தன்னோடு ஒத்துப்போகிற மாணவருக்காக நிற்பது எளிது. ஒத்துப்போகாத மாணவிக்காக, ஒத்துப்போகாமலே நின்றார் என்பதுதான் இதில் பெரிதாகத் தெரிகிறது.

மே 9-ஆம் தேதி வெர்மான்ட் நீதிபதி வில்லியம் செஷன்ஸ் மாணவியை விடுவிக்க உத்தரவிட்டார். ஆறு வாரக் காவலுக்குப் பிறகு மறுநாள் ஓஸ்துர்க் பாஸ்டனில் வந்து இறங்கினார்.

இனி ஓரிக்கைக்கு வருவோம். பாலாற்றங்கரைப் பக்கமுள்ள இந்த ஊரின் பெயருக்கே ஒரு காரணம் சொல்வார்கள் வைணவப் பெரியவர்கள். திருமழிசை ஆழ்வாருக்குப் பணிவிடை செய்த ஒரு மூதாட்டி அவர் அருளால் இளமை பெற்றாள். பல்லவ அரசன் அவளை மணந்தான். தனக்கும் இளமை வேண்டும் என்று ஆசை வந்தது அவனுக்கு. ஆழ்வாரை அழைத்து வா என்று அவருடைய சீடன் கணிகண்ணனிடம் சொன்னான். அவர் வரமாட்டார் என்றான் சீடன். அப்படியானால் நீ என்னைப் பாடு என்றான் அரசன். மனிதனைப் பாட மாட்டேன் என்றான் கணிகண்ணன். ஊரைவிட்டு ஓடு என்று உத்தரவாயிற்று. சீடன் வந்து குருவிடம் விடைபெற்றான். குரு அவனை வாழ்த்தி அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கவில்லை. திருவெஃகாவில் பாம்பணையில் படுத்திருந்த பெருமாளிடம் போய், என் மாணவன் போகிறான், நானும் போகிறேன், நீயும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்றார். பெருமாள் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவு இருக்கை. அதுவே ஓரிக்கை ஆனது. காஞ்சி இருண்டது, அரசன் ஓடிவந்து காலில் விழுந்தான், மூவரும் திரும்பினார்கள். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் அவருக்கு இன்றும் இருக்கிறது.

பக்திக் கதையாக இதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஓர் ஆசிரியரின் கதையாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பாட மறுத்ததற்காக ஒரு மாணவன் நாடு கடத்தப்படுகிறான். அவன் போன பிறகும் மடம் நடக்கும், பூசை நடக்கும், மானியம் வரும். அரசனிடம் நல்ல பெயரும் நிலைக்கும். இதையெல்லாம் வைத்துவிட்டு மாணவனோடு நடந்தவருடைய கால் தடத்துக்குத்தான் இங்கே ஊர்ப் பெயர் வைத்திருக்கிறோம்.

அதே ஓரிக்கையில் ஒரு நெசவாளர் வீட்டில் குழித்தறி ஓடுகிறது. அரக்கு உடல், பச்சைக் கரை, கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. கரையும் உடலும் தறியிலேயே பிடிமானமாகக் கோர்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் தனி ஆளால் இது முடியாது. வலப்பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தருவது அவர் மனைவி. ஊரில் இப்போது ஒற்றைக் கரைச் சேலைக்கும் விசைத்தறிச் சேலைக்கும் மாறிவிட்டவர்கள் அதிகம். இவர்கள் இன்னும் கோர்வையை விடவில்லை. மகள் பொறியியல் முடித்து, மேல்படிப்புக்கு அமெரிக்காவில் இடம் வாங்கியிருக்கிறாள். வங்கிக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் போயிருக்கிறது. டிவியில் அந்தத் துருக்கிப் பெண்ணைப் பிடித்த காட்சியை அவரும் பார்த்திருக்கிறார். நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “அங்க ஏதாவது ஆச்சுன்னா, காலேஜுல பெரியவர் ஒருத்தர் இருப்பாருல்ல சார், அவர் வந்து கேப்பாரா?”

அவர் பயம் வீண் பயம் இல்லை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். சீனாவை முந்தி முதலிடம். அடுத்த ஆண்டில் 3,63,019. கோவையில் பிறந்த ஒரு மாணவி 2024 ஏப்ரலில் பிரின்ஸ்டனில் போராட்டத்தின்போது கைதானார். கொலம்பியாவில் நகரத் திட்டமிடல் ஆய்வு செய்துவந்த இந்திய மாணவி ஒருவர், விசா ரத்தானதும் 2025 மார்ச்சில் பெட்டியோடு கனடாவுக்குப் போய்விட்டார். தெரு தெருவாக இங்கிருந்து பிள்ளைகள் போகிறார்கள். போகும்முன் ஊர் பார்க்கிறார்கள், ராங்க் பார்க்கிறார்கள், சம்பளம் பார்க்கிறார்கள். தலைவர் யார், சோதனை வந்தபோது என்ன செய்தார் என்று பார்ப்பவர்கள் குறைவு.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்லி எழுந்துவிட முடியாது. 2019 டிசம்பரில், சென்னை ஐஐடிக்குப் பரிமாற்றத் திட்டத்தில் வந்திருந்த ஜெர்மன் மாணவர் ஒருவர் குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்டத்தில் பதாகை பிடித்தார். நாட்டைவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். உடனே விமானம் ஏறினார். அதற்கு முன், 2015 மே மாதம், பெயர் போடாத ஒரு புகார்க் கடிதம் மத்திய அமைச்சகம் வழியாக வந்ததும் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை அதே நிறுவனம் ரத்து செய்தது. நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, ஜூனில் திருப்பிக் கொடுத்தது. இரண்டு சம்பவங்களையும் நாம் இரண்டு வாரம் பேசிவிட்டு மறந்தோம்.

இன்னொரு பக்கம், நம் ஊரில் துணைவேந்தர் நாற்காலியே காலியாக இருக்கிறது. டஃப்ட்ஸில் முந்தைய தலைவர் அந்தோணி மொனாக்கோ, தான் விலகப்போவதை 2022 தொடக்கத்திலேயே அறிவித்தார். அந்த நவம்பரில் அடுத்தவர் பெயர் வந்தது. அடுத்த ஜூலையில் ஒருவர் எழுந்தார், ஒருவர் உட்கார்ந்தார். சுனில் குமார் அங்கே உட்கார்ந்த மறு மாதம், 2023 ஆகஸ்டில், 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. இரண்டு ஆண்டுகள் கடந்தும் ஒருங்கிணைப்புக் குழுதான் நடத்தியது. 2024 ஆகஸ்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் முறையும் வந்தது. மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்தது செல்லாது என்று 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவற்றில் துணைவேந்தரை அரசே நியமிக்கும் பிரிவுகளுக்கு மே 21-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஒவ்வொருவர் கையிலும் கோப்பு இருக்கிறது, ஒவ்வொருவரும் வேலை செய்கிறார்கள், மொத்தமும் நின்றுபோயிருக்கிறது. இரண்டு குமார்களின் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நடுவில் நிற்பது மாணவர்கள்.

யார் துணைவேந்தராகலாம் என்ற சண்டையும் சேர்ந்துகொண்டது. தொழில் துறையிலிருந்தும் பொது நிர்வாகத்திலிருந்தும் வருபவர்களைத் துணைவேந்தராக்கலாம் என்று 2025 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு வரைவு வெளியிட்டது. அதை எதிர்த்துத் தமிழக சட்டமன்றம் உடனே தீர்மானம் போட்டது. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. சுனில் குமாரைக் காட்டி, பார், வணிக ஆள் வந்தால் பல்கலைக்கழகம் செழிக்கிறது என்று நாளை யாராவது வாதாடக்கூடும். அது பொருந்தாது. வணிகப் பள்ளியில் பாடம் எடுத்தவர் வேறு, வணிகம் செய்தவர் வேறு. அவர் இருபத்தேழு ஆண்டுகள் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே கிடந்துதான் அந்த இடத்துக்கு வந்தார். நம் நாட்டிலேயே, பெங்களூரு ஐஐஎம்மின் இயக்குநராக இருந்த பங்கஜ் சந்திரா 2014-ல் அகமதாபாத் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போனார். இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஏன் உருப்படவில்லை, எப்படி உருப்படும் என்று தனிப் புத்தகமே எழுதினார். இவர்களும் ஆசிரியர்கள்தான். அதற்காக, பேராசிரியராக இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2018 பிப்ரவரியில் கோவையில், உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் வாங்கியதாகப் பதவியில் இருக்கும்போதே கைதான துணைவேந்தரும் பேராசிரியராக இருந்து வந்தவரே.

பணம் திரட்டவும் வரிசையைக் குறைக்கவும் வணிகப் பள்ளி கற்றுத் தரும். அது தேவையான கல்விதான். ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கீழே உள்ள அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 2026 முதல் கல்விக் கட்டணம் இல்லை என்று டஃப்ட்ஸ் அறிவிக்க முடிந்ததற்கு, கணக்குத் தெரிந்த தலைமை ஒரு காரணமாக இருந்திருக்கும். ஏப்ரல் 2-ஆம் தேதிக் கையெழுத்தை எந்தக் கணக்கும் போடச் சொல்லியிருக்காது.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரைத் தேடும் குழுவில் மூன்று பேர்: ஆளுநர் சார்பில் ஒருவர், செனட் சார்பில் ஒருவர், சிண்டிகேட் சார்பில் ஒருவர். நான்காவதாக மானியக் குழுவின் ஆள் வேண்டும் என்று ஆளுநர் தரப்பும், கூடாது என்று அரசும் நின்றதில்தான் 2023-லிருந்து இழுபறி. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களின் தேடல் குழுக்களில் மாணவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. அந்த நான்காவது நாற்காலியை நாமும் ஒரு மாணவருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். கட்டுரை எத்தனை, ஆண்டு எத்தனை, மானியம் எத்தனை கோடி என்று மற்ற மூவரும் கேட்டு முடித்த பிறகு, அவர் ஒன்றே ஒன்று கேட்டால் போதும். உங்களை எதிர்த்து எழுதிய மாணவரை ஒருநாள் போலீஸ் வந்து கூட்டிப்போனால், ஐயா, நீங்கள் வந்து கேட்பீர்களா?